பிடித்த எழுத்தாளர் யாருடைய மேசையில் உட்கார்ந்திருந்தார்?

ஒருவருடைய எழுத்தைப் பல வருடம் படித்து, அவர் சொன்னதையெல்லாம் நம் பேச்சிலேயே கலந்துகொண்டு, யாராவது கேட்டால் "முதலில் இவரைப் படி" என்று கையில் எடுத்துக் கொடுத்து வந்திருப்போம். அப்புறம் ஏதோ ஒரு ஆவணக் கட்டு வெளியாகிறது, அதில் அவர் பெயரும் இருக்கிறது. அவர் குற்றம் செய்தார் என்று அதில் இருக்காது. யாரோடு சாப்பிட்டார், யாருக்கு நட்பாகக் கடிதம் எழுதினார், யார் கொடுத்த பணத்தில் மாநாட்டுக்குப் போனார் என்கிற மாதிரி விஷயங்கள்தான் இருக்கும். ஆனாலும் நமக்கு வயிற்றைப் பிசைகிறது.

சிறுமிகளைப் பாலியல் கொடுமைக்கு ஆளாக்கிய அமெரிக்கப் பணக்காரர் ஜெஃப்ரி எப்ஸ்டீனின் விவகாரம் 2019இலிருந்து இந்த உணர்வை உலகம் முழுக்கப் பல வாசகர்களுக்குக் கொடுத்துவிட்டது. 2025 நவம்பரில் அமெரிக்க நாடாளுமன்றக் குழு, இறந்துபோன அவருடைய சொத்தைக் கவனிப்பவர்களிடமிருந்து வந்த பல்லாயிரம் பக்கங்களை வெளியிட்டபோது அது இன்னும் பெருகியது. அரசியல்வாதிகள், பணக்காரர்கள் பெயர் அதில் இருந்ததில் யாரும் பெரிதாக ஆச்சரியப்படவில்லை. பேராசிரியர்களும் எழுத்தாளர்களும் இருந்ததுதான் உறுத்தியது. அவர்களை நாம் வேறொரு இடத்தில் வைத்திருந்தோம்.

இந்த மாதிரி நேரத்தில் கைக்கு எட்டும் தூரத்தில் இரண்டு பதில்கள் தயாராக இருக்கும். ஒன்று, "எல்லாரும் ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள், தூக்கிப் போடு". இன்னொன்று, "படைப்பு வேறு, படைப்பாளி வேறு, அவர் சொந்த வாழ்க்கை நமக்கு எதற்கு". எனக்கு இரண்டுமே அவசரமான பதில்களாகத்தான் தெரிகின்றன. முதல் பதில் புத்தகத்தைத் திரும்பத் திறக்கும் வேலையை மிச்சப்படுத்துகிறது, இரண்டாவது பதில் யோசிக்கும் வேலையை மிச்சப்படுத்துகிறது. என் கருத்து இதுதான்: ஒரு எழுத்தாளர் சொன்னதில் நாமே சரிபார்க்கக்கூடியது எவ்வளவு, அவரை நம்பி அப்படியே எடுத்துக்கொண்டது எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க வேண்டும். அவருடைய தொடர்புகள் தெரியவந்தபின் மறுபடி எடைபோட வேண்டியது அந்த இரண்டாவது பங்கைத்தான். அந்தப் பங்கு எழுத்தாளருக்கு எழுத்தாளர் மாறும், ஒரே எழுத்தாளரின் புத்தகத்துக்குப் புத்தகம்கூட மாறும்.

இந்தத் தொடர்புகள் எப்படி உருவாகின்றன என்பதை முதலில் பார்க்கலாம், ஏனென்றால் பெரும்பாலும் அதில் சதி எதுவும் இருப்பதில்லை. நியூயார்க்கில் ஜான் பிராக்மன் என்று ஒரு இலக்கிய முகவர், அதாவது எழுத்தாளர்கள் சார்பில் பதிப்பாளர்களோடு பேசுபவர். அறிவியலைப் பொது வாசகர்களுக்கு எழுதிப் புகழ்பெற்ற பலர் அவருடைய வாடிக்கையாளர்கள். அவர் 'எட்ஜ்' என்ற அமைப்பையும் நடத்தினார். வருடா வருடம் ஒரு பெரிய கேள்வியை எழுப்பி விஞ்ஞானிகளிடமும் சிந்தனையாளர்களிடமும் பதில் வாங்கித் தொகுத்து வெளியிட்டது. எழுத்தாளர்களும் தொழில்நுட்பக் கோடீஸ்வரர்களும் ஒன்றாக உட்காரும் விருந்துகளையும் நடத்தியது. 2019இல் ஒரு செய்தி நிறுவனம் அதன் வரிக் கணக்குகளைப் பார்த்தபோது, 2001 முதல் 2017 வரை எட்ஜுக்கு வந்த சுமார் 8,57,000 டாலரில் 6,38,000 டாலர் எப்ஸ்டீனின் அறக்கட்டளைகள் வழியாக வந்தது தெரிந்தது. முக்கால் பங்குக்குச் சற்றுக் குறைவு. அந்தத் தொகுப்புகளைக் காசு கொடுத்து வாங்கிப் படித்த வாசகருக்கு இது எங்கேயும் சொல்லப்படவில்லை.

இங்கே எந்த விஞ்ஞானியும் எப்ஸ்டீனைப் புகழ்ந்து புத்தகம் எழுத வேண்டியிருக்கவில்லை. முகவர் அழைக்கிறார், போகிறார்கள். அங்கே அடுத்த புத்தகத்துக்குப் பதிப்பாளர் கிடைக்கிறார், ஆய்வுக்கு நிதி கொடுப்பவர் கிடைக்கிறார், பின் அட்டையில் நாலு வரி பாராட்டு எழுதித் தரும் இன்னொரு பிரபலமும் கிடைக்கிறார். கூப்பிட்டும் போகாதவர்களும் இருந்தார்கள். யெவ்கெனி மொரோசோவ் அதே முகவரிடம் இருந்த எழுத்தாளர். 2013இல் எப்ஸ்டீனைச் சந்திக்கிறீர்களா என்று முகவர் கேட்டு எழுதியதை 2019இல் வெளியிட்டு, தன் முகவரையே பகிரங்கமாகக் கேள்வி கேட்டார். தொழிலில் இருக்கும் ஒருவருக்கு அது சின்ன விஷயமில்லை.

தேதிகளும் முக்கியம். 2008இல் ஃபுளோரிடா நீதிமன்றத்தில், 18 வயது நிரம்பாத பெண்ணைப் பாலியல் தொழிலுக்கு ஏற்பாடு செய்த குற்றத்தை எப்ஸ்டீன் ஒப்புக்கொண்டு தண்டனை பெற்றார். அதற்கு முன்னால் பழகியவருக்கும் பின்னால் பழகியவருக்கும் வித்தியாசம் இருக்கிறது. அதேபோல முகவரிப் புத்தகத்தில் பெயர் இருப்பது வேறு, மின்னஞ்சல் வந்தது வேறு, பதில் போட்டது வேறு, வீட்டுக்குப் போனது வேறு, பணம் வாங்கியது வேறு. இதையெல்லாம் ஒரே பட்டியலில் போட்டு நீட்டும்போது நிஜமாகவே பதில் சொல்ல வேண்டியவர் கூட்டத்துக்குள் ஒளிந்துகொள்ள வசதியாகிவிடுகிறது. இந்த விவகாரத்தில் பாதிக்கப்பட்டவர்கள் சிறுமிகளும் இளம்பெண்களும். நம்முடைய வாசக ஏமாற்றம் அதற்குப் பக்கத்தில் வைக்கும் அளவுகூட இல்லை என்பதையும் சொல்லித்தான் மேலே போக வேண்டும்.

சரி, நோம் சோம்ஸ்கி, அமெரிக்க அதிகாரத்தையும் ஊடகங்களையும் விமரிசித்து எழுதிய மொழியியலாளர். பெரும்பாலோருக்கு வலித்தது இந்தப் பெயர்தான் என்று நினைக்கிறேன். 2023இல் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் அவரிடம் எப்ஸ்டீனோடு நடந்த சந்திப்புகள் பற்றிக் கேட்டது. இது உங்களுக்கோ வேறு யாருக்குமோ சம்பந்தமில்லாத விஷயம் என்பது அவருடைய முதல் பதில். அவரைத் தெரியும், எப்போதாவது சந்தித்தோம் என்பது இரண்டாவது பதில். எப்ஸ்டீனோடு தொடர்புடைய கணக்கிலிருந்து சுமார் 2,70,000 டாலர் வந்தது பற்றிக் கேட்டதற்கு, முதல் மனைவி இறந்தபின் குடும்ப நிதியை ஒழுங்குபடுத்தியதில் வந்த சொந்தப் பணம் அது, எப்ஸ்டீனின் காசு ஒரு பைசாகூட அதில் இல்லை என்றார். தண்டனையை முடித்தவர் சட்டப்படி புதிய பக்கத்தைத் தொடங்கியவர் என்றும் சொன்னார்.

பணம் பற்றிய விளக்கத்தை நான் அப்படியே ஏற்றுக்கொள்கிறேன், மறுக்க என்னிடம் எதுவும் இல்லை. என்னை உறுத்துவது அந்த முதல் பதில். எட்வர்ட் ஹெர்மனோடு சேர்ந்து 1988இல் அவர் எழுதிய ஊடக ஆய்வின் அடிப்படையே, பத்திரிகைகளை யாரும் மிரட்ட வேண்டியதில்லை, உரிமையாளர் யார், விளம்பரம் தருபவர் யார், செய்தி தரும் அதிகாரிகளோடு எவ்வளவு நெருக்கம் என்பதே எதை எழுதுவது, எதை விடுவது என்று தீர்மானித்துவிடும் என்பதுதான். யாரோடு நெருக்கம் என்று கேட்பது நியாயமான கேள்வி என்று ஒரு தலைமுறைக்கே கற்றுக்கொடுத்தவர் அவர். அந்தக் கேள்வி தன் பக்கம் திரும்பும்போது சம்பந்தமில்லை என்று சொன்னால் வாசகர் எப்படி ஏற்றுக்கொள்வார்?

ஆனாலும் அந்தப் புத்தகம் நிற்கிறது. போலந்துப் பாதிரியார் ஒருவரின் கொலைக்குக் கிடைத்த பத்திரிகை இடத்தையும் லத்தீன் அமெரிக்காவில் கொல்லப்பட்ட பாதிரியார்களுக்குக் கிடைத்த இடத்தையும் பத்தி பத்தியாக எண்ணி வைத்திருக்கிறார்கள். பழைய இதழ்களை எடுத்து யார் வேண்டுமானாலும் மறுபடி எண்ணிப் பார்க்கலாம். அந்தப் பகுதிக்கு ஆசிரியரின் நல்ல குணம் தேவையே இல்லை. நான் திரும்ப எடுத்துக்கொண்டது வேறொன்றை: இவர் அதிகார மேசைகளிலிருந்து விலகி நிற்பவர், அதனால் இவர் ஒருவரைப் பற்றி நல்லது சொன்னால், ஒன்றை முக்கியமில்லை என்று ஒதுக்கினால், கேள்வி கேட்காமல் நம்பலாம் என்று நானாகக் கொடுத்து வைத்திருந்த சலுகையை. அந்தச் சலுகை பெரியது. பல வருடம் அதை வைத்துத்தான் எதைப் படிப்பது, எதைப் படிக்க வேண்டாம் என்றே பலர் முடிவு செய்திருக்கிறோம்.

புரவலர் என்பதே புது விஷயம் இல்லைதான். தமிழில் கிடைக்கும் மிகப் பழைய கவிதைகளில் பெரும்பகுதி அரசர்களிடம் பரிசில் வாங்கியவர்களும் வாங்கப் போனவர்களும் பாடியது. கம்பனைச் சடையப்ப வள்ளல் ஆதரித்தார் என்பது பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். யாரும் இதனால் கம்பனைக் குறைத்து மதிப்பதில்லை, ஏனென்றால் வள்ளலின் பெயர் காப்பியத்துக்குள்ளேயே வெளிப்படையாக வருகிறது. படிப்பவருக்குக் கணக்கு தெரிந்தே இருக்கிறது. புகழ்ச்சி வரும் இடத்தில் கொஞ்சம் தள்ளுபடி செய்து படித்துக்கொள்கிறோம்.

அரசனோடு நெருக்கம் என்பதற்குள்ளும் எவ்வளவு வேறுபாடு பாருங்கள். புறநானூற்றின் 208ஆம் பாட்டில், தன்னை நேரில் காணாமலே அதியமான் கொடுத்தனுப்பிய பரிசிலைப் பெருஞ்சித்திரனார் ஏற்க மறுக்கிறார், நான் வாணிகப் பரிசிலன் இல்லை என்கிறார். 46ஆம் பாட்டில், மலையமானின் பிள்ளைகளை யானைக் காலில் இட இருந்த கிள்ளிவளவனிடம் கோவூர்கிழார் போய் நிற்கிறார். புறாவின் துயர் தீர்த்த குடியில் வந்தவன் நீ, இவர்களோ புலவர்கள் வாடாமல் பகிர்ந்து உண்டவர்களின் பிள்ளைகள் என்று நினைவூட்டி, யானையைப் பார்த்து அழுகையை மறந்துபோன அந்தச் சின்னப் பிள்ளைகளைக் காட்டுகிறார். கடைசியில், கேட்டுவிட்டாய், இனி உன் விருப்பம் என்று முடிக்கிறார். அரண்மனைக்குள் போகும் உரிமை இல்லாத ஒருவரால் அதைச் செய்திருக்க முடியாது. நெருக்கத்தை வைத்து என்ன செய்தார் என்ற கேள்வியை நான் அந்தப் பாட்டிலிருந்துதான் எடுத்துக்கொள்கிறேன்.

இங்கிலாந்தில் சாமுவேல் ஜான்சன் 1755இல் தன் அகராதியை முடித்தபோது, கஷ்டப்பட்ட காலத்தில் எட்டிப் பார்க்காமல் முடிந்தபின் பாராட்ட வந்த செஸ்டர்ஃபீல்ட் பிரபுவுக்குச் சுடச்சுட ஒரு கடிதம் எழுதினார். எழுத்தாளரின் தன்மானத்துக்கு அடையாளமாக இன்றும் அதைக் காட்டுகிறார்கள். அதே ஜான்சன் 1762இலிருந்து அரசாங்கத்திடம் வருடத்துக்கு 300 பவுண்டு உதவித்தொகை வாங்கினார், 1775இல் அமெரிக்கக் குடியேற்றக்காரர்களுக்கு எதிராக அரசு தரப்பு கேட்டுக்கொண்டபடி ஒரு சிறு நூலும் எழுதிக் கொடுத்தார். அகராதி அப்படியே இருக்கிறது. அந்தச் சிறு நூலைத்தான் உதவித்தொகையோடு சேர்த்துப் படிக்க வேண்டும். உதவித்தொகை எல்லாருக்கும் தெரிந்தே இருந்ததால் அவருடைய காலத்து வாசகர்களால் அப்படிப் படிக்க முடிந்தது.

இருபதாம் நூற்றாண்டில்தான் இது தலைகீழாக மாறுகிறது. இனிமேல் புரவலர் தன் பெயரை மறைக்கிறார். சுதந்திரமாக எழுதுகிறார் என்ற தோற்றம்தான் அவருக்கு வேண்டியது, அதற்குத்தான் காசு.

1950 ஜூனில் மேற்கு பெர்லினில் 'கலாசார சுதந்திரத்துக்கான மாநாடு' என்ற அமைப்பு உருவானது. சோவியத் பக்கம் சாய்ந்துகொண்டிருந்த அறிவுஜீவிகளுக்கு எதிரான ஒரு கூடாரம். உச்சத்தில் 35 நாடுகளில் அலுவலகம், இருபதுக்கும் மேற்பட்ட இதழ்கள். லண்டனில் 1953இல் தொடங்கிய 'என்கவுன்ட்டர்' அதில் புகழ்பெற்றது. கவிஞர் ஸ்டீபன் ஸ்பெண்டரும் இர்விங் கிறிஸ்டலும் முதல் ஆசிரியர்கள். பம்பாயில் 1955இல் வந்த 'குவெஸ்ட்' இந்தியக் கிளையின் இதழ், அதன் முதல் ஆசிரியர் நிசிம் எசக்கியேல். மொத்தத்தையும் நடத்திக்கொண்டிருந்த மைக்கேல் ஜோசல்சன் அமெரிக்க உளவு அமைப்பான சிஐஏவின் அதிகாரி, பணமும் சிஐஏ பணம். அறக்கட்டளைகள் வழியாகச் சுற்றி வந்ததால் வாங்கியவர்களில் பலருக்கு மூலம் தெரியாது, அல்லது தெரிந்துகொள்ள அவர்கள் மெனக்கெடவில்லை. 1966இல் நியூயார்க் டைம்ஸ் லேசாக வெளியிட்டது. 1967இல் 'ராம்பார்ட்ஸ்' இதழ் சிஐஏவின் ரகசிய நிதி வழிகளை அம்பலமாக்கியது. அதே வருடம் மே மாதத்தில் டாம் பிரேடன் என்ற முன்னாள் சிஐஏ அதிகாரி, ஆமாம் செய்தோம், அதில் எனக்குப் பெருமை என்று பத்திரிகையில் கட்டுரையே எழுதிவிட்டார். ஸ்பெண்டரும் அப்போது உடனிருந்த ஆசிரியர் ஃபிராங்க் கெர்மோடும் ராஜினாமா செய்தார்கள். தங்களுக்குப் பல முறை அப்படியில்லை என்று உறுதி சொல்லப்பட்டதாகச் சொன்னார்கள்.

அந்த இதழ்களில் வந்த கவிதைகள் பொய்யா? இல்லை. விமரிசனங்கள் அரசாங்கம் சொல்லி எழுதியதா? பெரும்பாலும் இல்லை. அதில் எழுதிய பலர் அமெரிக்கா கேட்டிருந்தாலும் கேட்காவிட்டாலும் அதையேதான் எழுதியிருப்பார்கள். அப்படியானால் பணம் எதை வாங்கியது? வராமல் போனதைப் பார்க்க வேண்டும். 1958இல் டுவைட் மெக்டொனால்டு 'அமெரிக்கா! அமெரிக்கா!' என்று தன் நாட்டின் வாழ்க்கையைக் கடுமையாக விமரிசித்து ஒரு கட்டுரை கொடுத்தார். அவர் வெளியாள் இல்லை, அந்த இதழிலேயே ஆசிரியர் பொறுப்பில் வேலை பார்த்தவர். என்கவுன்ட்டர் அதைப் போடவில்லை, வேறு இதழ்களில் வந்தது. அமைப்பின் பாரிஸ் தலைமையகத்திலிருந்து அழுத்தம் வந்தது பின்னால் தெரியவந்தது. ஒரு வாசகர் பதினான்கு வருட இதழ்களை வரிவிடாமல் படித்தாலும் இந்த ஒரு வெற்றிடத்தைக் கண்டுபிடித்திருக்க முடியாது. எழுத்தில் இருக்கும் பொய்யை வாசகர் பிடித்துவிடலாம். எழுத வராமல் தடுக்கப்பட்டதை யாராவது கதவைத் திறந்து காட்டினால்தான் உண்டு.

'1984' நாவலை எழுதிய ஜார்ஜ் ஆர்வெல்லையும் இங்கே சொல்லியாக வேண்டும், ஏனென்றால் கண்காணிப்பு என்றாலே உலகம் அவர் பெயரைத்தான் எடுக்கிறது. 1949 மார்ச் கடைசியில், காசநோயோடு கிரான்ஹம் சானடோரியத்தில் படுத்திருந்த அவரைப் பார்க்க சீலியா கிர்வன் வந்தார். பழைய தோழி, ஒரு காலத்தில் அவர் கல்யாணம் செய்துகொள்ளக் கேட்ட பெண். அப்போது சீலியா வேலை செய்தது பிரிட்டிஷ் வெளியுறவுத் துறையின் தகவல் ஆய்வுப் பிரிவில், அதாவது கம்யூனிச எதிர்ப்புப் பிரசாரத்துக்காக ரகசியமாக அமைத்த பிரிவில். மே மாதம் ஆர்வெல் 38 பேரின் பெயர்ப் பட்டியலை அனுப்பினார். கம்யூனிஸ்டுகளின் பக்கம் சாய்ந்தவர்கள், பிரசார எழுத்து வேலைக்கு நம்பிக் கூப்பிட வேண்டாதவர்கள் என்று அவர் நினைத்தவர்கள். சார்லி சாப்ளின் பெயரும் இருந்தது. பட்டியல் கொடுத்தது 1996இல் தெரிந்தது, முழுப் பெயர்களும் 2003இல் வெளியாயின. '1984' நாவல் வெளியானது பட்டியல் அனுப்பிய அடுத்த மாதம்.

இதில் எனக்குத் தெளிவான கருத்து உண்டு. அந்தப் பட்டியலால் யாரும் சிறைக்குப் போனதாகத் தெரியவில்லை, அவர் ஸ்டாலினைப் பற்றி ஸ்பெயினிலேயே நேரில் அடிபட்டுக் கற்றுக்கொண்டவர், நாவலின் அரசியலும் பட்டியலின் அரசியலும் ஒன்றுதான், இதெல்லாம் சரி. ஆனால் சக எழுத்தாளர்களின் பெயரை அரசின் ரகசியத் துறைக்கு ரகசியமாகக் கொடுப்பது தவறு. தாம் நினைத்ததை அவர் பேர் போட்டு ஒரு கட்டுரையாக எழுதியிருக்கலாம், அவர்கள் பதில் சொல்லியிருப்பார்கள். நாவல் என்ன ஆனது என்றால், ஒன்றும் ஆகவில்லை. அதில் நான் அவரை நம்ப வேண்டிய இடமே இல்லை. ஒரு அரசு பழைய செய்தித்தாளைத் திருத்தும் காட்சியின் உண்மையை என் காலத்தை வைத்து நானே அளந்துகொள்கிறேன். ஆனால் அவருடைய பத்திரிகைக் கட்டுரைகளில் இன்னார் நேர்மையானவர், இன்னார் விலைபோனவர் என்று அவர் மனிதர்களை எடைபோடும் இடங்கள் உண்டு. அந்தத் தீர்ப்புகளை இப்போது மெதுவாகப் படிக்கிறேன்.

அவருடைய 'விலங்குப் பண்ணை'க்கு நடந்ததும் இதோடு சேர்ந்தது. அவர் இறந்தபின் சிஐஏ பணத்தில் அதை 1954இல் கார்ட்டூன் படமாக எடுத்தார்கள். நாவலின் முடிவில் பன்றிக்கும் மனிதனுக்கும் முகத்தில் வித்தியாசம் தெரியாமல் போகும். இரண்டு பக்கத்து முதலாளிகளையும் ஒன்றாக்கும் முடிவு அது. படத்தில் மனிதர்களை அந்தக் காட்சியிலிருந்து எடுத்துவிட்டு, மற்ற விலங்குகள் பன்றிகளை எதிர்த்துக் கிளம்புவதாக முடித்தார்கள். எழுத்தாளர் எழுதியது ஒன்று, பணம் கொடுத்தவருக்கு வேண்டியது இன்னொன்று என்பதைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க இவ்வளவு சுத்தமான உதாரணம் அரிதாகவே கிடைக்கும்.

மறைக்காத தொடர்பையும் நாம் பார்க்கத் தவறுவது உண்டு. ஜான் ஸ்டூவர்ட் மில் ஒரு உதாரணம். தனிமனித சுதந்திரம் என்றதும் பாடப் புத்தகம் அவரிடம்தான் போகும். அவர் 1823இல், 17 வயதில், லண்டன் லெடன்ஹால் தெருவில் இருந்த கிழக்கிந்தியக் கம்பெனி அலுவலகத்தில் சேர்ந்து 1858 வரை 35 வருடம் அங்கேயே வேலை பார்த்தார். அவருடைய அப்பா ஜேம்ஸ் மில், இந்தியாவுக்கு ஒரு தடவைகூட வராமலே இந்திய வரலாறு எழுதி, அதன்பின் அதே அலுவலகத்தில் சேர்ந்தவர். இந்திய சமஸ்தானங்களோடு கம்பெனி நடத்திய கடிதப் போக்குவரத்தை வரைவது மகன் மில்லின் முக்கிய வேலை. 1857 எழுச்சிக்குப் பின் கம்பெனியிடமிருந்து ஆட்சியைப் பறிக்கப் போனபோது, கம்பெனிக்கு ஆதரவாக நாடாளுமன்றத்துக்கு மனு எழுதியவரும் அவர்தான்.

அடுத்த வருடம், 1859இல், சுதந்திரம் பற்றிய அந்தப் புகழ்பெற்ற நூல் வருகிறது. அதன் முன்னுரைப் பகுதியிலேயே ஒரு விதிவிலக்கு இருக்கிறது: இந்தக் கோட்பாடு சிறுவர்களுக்குப் பொருந்தாது, பின்தங்கிய சமூகங்களுக்கும் பொருந்தாது, அவர்களை முன்னேற்றும் நோக்கம் இருந்தால் அங்கே எதேச்சாதிகாரம் நியாயமான ஆட்சிமுறைதான் என்கிறார். சில வரிகள்தான். வேகமாகப் படித்தால் கடந்துவிடுவோம். ஆனால் 35 வருடம் அவர் சம்பளம் வாங்கிய இடம் எதுவோ, அந்த இடம் முழுக்க இந்த விதிவிலக்குக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது.

அவர் காசுக்காக அப்படி எழுதினார் என்று நான் சொல்லவில்லை. நிஜமாகவே நம்பினார் என்றுதான் நினைக்கிறேன், அதனால்தான் இது இன்னும் யோசிக்க வைக்கிறது. தினமும் மேசையில் வந்து விழும் கோப்புகள் ஒரு மனிதருக்கு எது இயல்பு என்று கற்றுக்கொடுத்துவிடுகின்றன. அதே மில், 1865இல் ஜமைக்காவில் கலகத்தை அடக்குகிறேன் என்று ஆளுநர் எட்வர்ட் அயர் நூற்றுக்கணக்கானோரைக் கொன்றபோது, அவர் மேல் வழக்குத் தொடர வேண்டும் என்று போராடிய குழுவுக்குத் தலைமை ஏற்றார். அதனால் தன் தொகுதியிலேயே பலரின் வெறுப்பைச் சம்பாதித்தார். ஆக, வாதத்தை வைத்துக்கொண்டு விதிவிலக்கை எடுத்துவிடலாம். காலனி நாடுகளில் விடுதலை கேட்டவர்கள் பேச்சுரிமைக்கும் கருத்துரிமைக்கும் வாதாடியபோது அவருடைய நியாயங்களை அப்படித்தான் பயன்படுத்தினார்கள்.

கொலம்பிய நாவலாசிரியர் காப்ரியேல் கார்சியா மார்க்வெஸ் விஷயம் இதைவிடச் சிக்கல். கியூபாவை ஆண்ட ஃபிடல் காஸ்ட்ரோவோடு அவருக்கிருந்த நட்பு ரகசியமே இல்லை, ஹவானாவில் அவருக்கு வீடே இருந்தது. 1971இல் கவிஞர் எபெர்ட்டோ பாடில்லாவைக் கியூப அரசு கைது செய்து மன்னிப்பு வாசிக்க வைத்தபோது லத்தீன் அமெரிக்க எழுத்தாளர்கள் இரண்டாகப் பிளந்தார்கள், இவர் ஃபிடலை விட்டுக்கொடுக்கவில்லை. 2003இல் கியூபாவில் மூன்று பேருக்கு மரண தண்டனை நிறைவேற்றியபோது, அமெரிக்க எழுத்தாளர் சூசன் சான்டாக் போகோட்டாவுக்கே போய், அவருடைய நாட்டிலேயே, ஏன் மௌனம் என்று கேட்டார். மரண தண்டனையை எதிர்க்கிறேன், எத்தனையோ பேரைச் சத்தமில்லாமல் சிறையிலிருந்து வெளியே கொண்டுவர உதவியிருக்கிறேன் என்றார் அவர். உதவியதும் உண்மைதான், எழுத்தாளர் நார்பெர்ட்டோ ஃபுவென்டெஸ் 1994இல் கியூபாவை விட்டு வெளியேறியது அப்படித்தான். கோவூர்கிழார் செய்த காரியத்தின் ஒரு பாதி. ஆனால் கோவூர்கிழார் அரசனின் முகத்துக்கு நேரே சொன்னார், அது பாட்டாக நமக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. மார்க்வெஸின் உதவி சத்தமில்லாமல் நடந்தது, அதற்கு விலையாக வெளியே மௌனம் காக்க வேண்டியிருந்தது. வெளியே வந்தவருக்கு அந்த மௌனம் நல்லது. உள்ளேயே கிடந்தவர்களுக்கு? இதில் எனக்கு முடிவான தீர்ப்பு இல்லை. 1975இல் வந்த அவருடைய சர்வாதிகாரி நாவலை இந்த விவரங்களோடு படித்தால் குறைவதற்குப் பதில் கூடுகிறது என்று மட்டும் சொல்வேன். அதிகாரத்தின் தனிமையை அவர் அருகில் உட்கார்ந்து பார்த்திருக்கிறார். அவருடைய கியூபப் பத்திரிகை எழுத்தில் எனக்கு அந்த நம்பிக்கை இல்லை.

புனைவுக்கும் கட்டுரைக்கும் இப்படித் தனித்தனி அளவுகோல் வைப்பது சிலருக்குச் சலுகை மாதிரித் தோன்றலாம். ஒரு நாவல் தன் உண்மையை நம் முன்னாலேயே கட்டிக் காட்டுகிறது. கட்டுரையாளரோ நாம் போக முடியாத இடத்துக்குப் போய்ப் பார்த்து வந்து சொல்கிறார், நமக்குப் படிக்க முடியாத ஆயிரம் பக்கத்தைப் படித்துச் சாரம் சொல்கிறார். அங்கே அவரிடம் நாம் ஒப்படைப்பது அதிகம், அதனால் அவர் யாரோடு இருந்தார் என்பதும் அங்கே அதிகம் முக்கியம். வாழ்க்கை வரலாறு, பொருளாதாரம், வெளியுறவு, தொழில்நுட்பம் பற்றிய பிரபலமான புத்தகங்களில் பெரும்பாலானவை இந்த வகைதான். இங்கேதான் கெடுபிடி தேவை.

மருத்துவ ஆய்விதழ்கள் இதற்கு ஒரு வழி வைத்திருக்கின்றன. கட்டுரை எழுதுபவர் எந்த நிறுவனத்திடம் பணம் வாங்கினார், எந்த ஆலோசனைக் குழுவில் இருக்கிறார் என்று கட்டுரையோடு சேர்த்து அறிவிக்க வேண்டும். பணம் வாங்கியவர் எழுதியது பொய் என்று யாரும் அர்த்தம் எடுப்பதில்லை, படிப்பவருக்கு அந்தத் தகவலும் கையில் இருக்கட்டும் என்பதுதான். பொதுவாசகர்களுக்கான புத்தகங்களுக்கு இப்படி ஒரு விதியே கிடையாது. ஒரு வங்கியின் வரலாற்றை அந்த வங்கியின் உதவியோடு எழுதலாம், ஒரு தொழிலதிபரின் வாழ்க்கையை அவருடைய விருந்தாளியாக இருந்து எழுதலாம், அட்டையில் எதுவும் இருக்காது. பதிப்பாளர்கள் ஒரு பக்கம் ஒதுக்கினால் போதும், அச்சுச் செலவு ஒன்றும் ஏறிவிடாது.

அது வரும்வரை நமக்கு இருப்பது நன்றியுரைப் பக்கம்தான், பலர் புரட்டாமலே மூடிவிடும் கடைசி இரண்டு மூன்று பக்கம். முகவர் பெயர் அங்கே இருக்கும். எந்த அறக்கட்டளையின் நல்கையில் எழுதினார் என்பது இருக்கும். இத்தாலியில் கோமோ ஏரிக்கரையில் ராக்ஃபெல்லர் அறக்கட்டளை 1959இலிருந்து நடத்தும் பெல்லாஜியோ மையம் மாதிரி எந்த இடத்தில் தங்கி முடித்தார், யார் வீட்டைக் கொடுத்தார், கைப்பிரதியை யார் படித்துப் பார்த்தார், எந்த அமைச்சர், எந்த நிறுவனத் தலைவர் "தாராளமாக நேரம் ஒதுக்கினார்" என்பதெல்லாம் அவர்களே மகிழ்ச்சியோடு எழுதி வைத்திருப்பார்கள். பெரும்பாலும் அதில் தப்பாக எதுவும் இருக்காது. அந்தப் பெயர்களில் ஒன்று புத்தகத்துக்குள்ளும் வருகிறதா, வந்தால் அவரைப் பற்றி ஒரு கடினமான கேள்வியாவது இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு முதல் அத்தியாயத்துக்குப் போகிறேன். கட்டுரை நூல்களை இப்போதெல்லாம் இந்தப் பக்கத்திலிருந்துதான் படிக்கத் தொடங்குகிறேன்.